2,349 ரூபாய் ஸ்கேட்போர்டு: ஒரு பேரிங் கடைக்காரனின் மதிப்புரை

பெட்டியைப் பிரித்ததும் மகள் பலகையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். அவளை நிறுத்தி, ஒரு சக்கரத்தைக் காதோரம் வைத்துச் சுற்றிப் பார்த்தேன். சேலத்தில் ஒரு பேரிங் கடையின் கவுன்டரில் 19 வருஷமாக நிற்கிறவனுக்கு அது பழக்கதோஷம். தேங்காயைத் தட்டிப் பார்க்காமல் யாராவது வாங்குவார்களா?

சத்தம் சரியில்லை. நல்ல பேரிங் சுற்றினால் ஒரே சீராக மூச்சு விடுகிற மாதிரி இருக்கும். இது டப்பாவில் மணலைப் போட்டு ஆட்டுவது போலக் கரகரத்தது. ஆனால் அட்டைப் பெட்டியில் பெரிய எழுத்தில் 'ஏபெக் 7' என்று அச்சிட்டிருந்தார்கள். அதைப் பார்த்துத்தான் எனக்குச் சிரிப்பு வந்தது.

ஏபெக் என்பது அமெரிக்கப் பேரிங் பொறியாளர் குழு ஒன்று வகுத்த துல்லியத் தரம். 1, 3, 5, 7, 9 என்று ஏறும். எங்கள் வியாபாரத்தில் இதையே பி0, பி6, பி5, பி4, பி2 என்போம். ஏபெக் 7 என்றால் பி4. அதைக் கேட்டு வருகிறவர்கள் மெஷின் ஸ்பிண்டில் வைத்து வேலை செய்பவர்கள். முன்பணம் வாங்கிக்கொண்டு ஆர்டர் போட்டு வரவழைத்துக் கொடுப்போம். அப்படிப்பட்ட பேரிங் எட்டு, 2,349 ரூபாய்ப் பலகையில் இருக்கிறதாம். சரி, நிஜமாகவே இருந்தாலும் பிரயோஜனமில்லை. அந்தத் தரம் வளையங்கள் எவ்வளவு துல்லியமாகக் கடையப்பட்டிருக்கின்றன என்பதைச் சொல்லும், அவ்வளவுதான். தூசி புகுந்தால் என்ன ஆகும், பலகையோடு குதித்து இறங்கும்போது பக்கவாட்டில் விழும் அடியைத் தாங்குமா என்பதெல்லாம் அதில் இல்லை. பிள்ளைகளுக்கு வாங்குகிறவர்கள் ஏபெக் எண்ணைப் பார்த்துக் கூடுதலாக ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம்.

கம்பெனிப் பெயரை நான் எழுதவில்லை. இணையத்தில் தேடினால் இதே பலகை, அடியில் இதே மண்டையோட்டுப் படத்தோடு, ஏழெட்டுப் பெயர்களில் கிடைக்கிறது. எந்தப் பெயரைத் திட்டுவது?

வாங்கிய காரணம் 2024 பாரிஸ் ஒலிம்பிக். பெண்கள் ஸ்கேட்போர்டில் ஸ்ட்ரீட், பார்க் என்று இரண்டு பிரிவு. இரண்டிலும் தங்கம் வாங்கியவர்களுக்கு வயது 14. ஜப்பானின் கோகோ யோஷிசாவா, ஆஸ்திரேலியாவின் அரிசா ட்ரூ. என் மகளுக்குப் பதினொன்று. "இன்னும் மூணு வருஷம் இருக்குப்பா" என்று கணக்குப் போட்டுச் சொன்னாள். கணக்கில் அவள் வாங்கும் மதிப்பெண்ணுக்கு இது பெரிய முன்னேற்றம். மே மாத விடுமுறையில் ஆர்டர் போட்டேன்.

பலகையைப் பற்றிச் சொல்கிறேன். நீளம் 31 அங்குலம், அகலம் 8. 'ஏழு அடுக்கு கனடா மேப்பிள்' என்று போட்டிருந்தது. விளிம்பை வைத்து எண்ணினேன், ஒன்பது அடுக்கு இருந்தது. இரண்டு அடுக்கு இலவசம் என்று சந்தோஷப்பட வேண்டியதில்லை. நல்ல மரம் என்றால் ஏழு அடுக்கே போதும். ஆனாலும் ஐந்து மாதத்தில் விரிசல் இல்லை, ஓரம் மட்டும் கொஞ்சம் சிராய்ந்திருக்கிறது. 38 கிலோ பெண்ணுக்கு இது தாங்கும். அப்பாக்கள் ஏறாமல் இருப்பது நல்லது. நான் ஏறினேன், பலகை முனகியது. மேலே ஒட்டியிருக்கும் கிரிப் டேப், நம் ஊர் ஆசாரிகள் சொல்லும் உப்புத்தாள் மாதிரிதான். நன்றாகவே ஒட்டியிருக்கிறார்கள், குறை சொல்ல ஒன்றும் இல்லை.

அடியில் சக்கரங்களைத் தாங்கும் உலோகச் சட்டத்துக்கு டிரக் என்று பெயர். லாரி ஊரில் பிறந்தவனுக்கு இந்தப் பெயர் பிடித்துப்போயிற்று. பலகையில் ஒரு பக்கமாகச் சாய்ந்தால் வண்டி அந்தப் பக்கம் திரும்ப வேண்டும். அதற்காக டிரக்கின் நடுவில் இரண்டு புஷ், அதாவது அமுங்கிக் கொடுக்கும் வளையங்கள், இருக்கும். இதில் வந்தது பிளாஸ்டிக் போன்ற கெட்டிச் சரக்கு. எவ்வளவு சாய்ந்தாலும் வண்டி ரயில் மாதிரி நேராகவே போயிற்று. நடு நட்டைக் கொஞ்சம் தளர்த்திப் பார்த்தேன். அதற்கு 9/16 ஸ்பானர் வேண்டும், பழைய லாரிப் பட்டறைகளில் இன்னும் கிடக்கும். தளர்த்தினால் ஆடியதே தவிரத் திரும்பவில்லை. கடைசியில் 350 ரூபாய்க்கு ரப்பர் மாதிரி மென்மையான யூரித்தேன் புஷ் வாங்கி மாட்டினேன். அன்றுதான் அவள் முதல்முறையாக விழாமல் ஒரு வளைவு போனாள்.

அப்புறம் பேரிங். சக்கரத்தில் இருப்பது 608. அது அளவைக் குறிக்கும் ஒரு எண், அவ்வளவுதான். உள்துளை 8 மில்லி, வெளிவிட்டம் 22, அகலம் 7. சின்ன மோட்டார்களில் போடும் அதே உருப்படி. உலகத்தில் எந்த ஸ்கேட்போர்டை எடுத்தாலும் பெரும்பாலும் இதுதான். இரும்பு மூடி போட்டது இசட்இசட், ரப்பர் மூடி போட்டது 2ஆர்எஸ். நம் ஊர்த் தூசிக்கு ரப்பர் மூடிதான் சரி. கருப்பூர்ப் பக்கத்து மேக்னசைட் சுரங்க வெள்ளைத் தூசியில் ஒரு தடவை ஓட்டினால் போதும், இரும்பு மூடியின் இடுக்கு வழியாக உள்ளே போய்க் கிரீஸோடு கலந்து மாவரைக்கும். எங்கள் கடையிலிருந்தே எட்டு எடுத்தேன். ஒன்று 70 ரூபாய் வீதம் 560. முதலாளி கணக்கில் எழுதிக்கொள்ளச் சொன்னார், எழுதிக்கொண்டேன்.

இதைவிட முக்கியமான ஒன்றை யாரும் சொல்வதில்லை. ஒவ்வொரு சக்கரத்திலும் இரண்டு பேரிங். அவற்றுக்கு நடுவே 10 மில்லி நீளத்தில் ஒரு குழாய்த் துண்டு இருக்க வேண்டும், அதுதான் ஸ்பேசர். இந்தப் பலகையில் அது இல்லவே இல்லை. அது இல்லாமல் நட்டை இறுக்கினால் உள்வளையங்கள் இரண்டும் ஒன்றையொன்று நோக்கி அமுங்கி, குண்டுகள் பக்கவாட்டில் உரசும். தளர்த்தினால் சக்கரம் லொடலொட என்று ஆடும். தெரிந்த லேத் பட்டறையில் அளவு சொல்லி நான்கு துண்டு கடைந்து வாங்கினேன், 160 ரூபாய். லேத்துக்காரர், "இதுக்கா அண்ணா மைக்ரோமீட்டர் எடுத்துக்கிட்டு வந்தீங்க?" என்று கேட்டார். போட்ட பிறகு சக்கரம் சுற்றியதைப் பார்த்துவிட்டு அவரே இரண்டு தடவை சுற்றிப் பார்த்தார்.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு தூரம் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்கிறாய் என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. பதில் சங்ககிரியில் இருக்கிறது.

நான் வளர்ந்தது லாரிப் பட்டறைகளுக்கு நடுவில். 1990 வாக்கில் எங்கள் தெருவில் ஒரு பையனுக்கு என்ன மரியாதை என்பதை அவனிடம் எத்தனை பேரிங் இருக்கிறது என்பதை வைத்துத்தான் முடிவு செய்வோம். மூன்று இருந்தால் வண்டி செய்யலாம். இரண்டு வைத்திருக்கிறவன் ஒன்று வைத்திருக்கிறவனோடு கூட்டுச் சேர்வான், வண்டி ஓடத் தொடங்கிய மறுநாளே கூட்டு உடையும். லாரிச் சக்கர ஹப்பில் கழற்றிப் போடும் பேரிங் இதற்கு ஆகாது. அது டேப்பர் ரோலர், உள்வளையம் தனியாக வெளிவளையம் தனியாகப் பிரிந்து வந்துவிடும். விஷயம் தெரியாத புதுப் பையன்கள் அதை வாங்கி ஏமாறுவார்கள். கியர்பாக்ஸில் கழற்றிய பால் பேரிங்தான் வேண்டும். மெக்கானிக் அண்ணனுக்கு நாலைந்து நடை டீ வாங்கி வந்து கொடுத்தால் ஒன்று கிடைக்கும். அதை ரேஷன் மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவியதற்காக அம்மா அகப்பைக் காம்பால் போட்ட அடி இன்னும் ஞாபகம் இருக்கிறது.

வேப்பங்கட்டையின் இரண்டு முனைகளையும் அரிவாளால் செதுக்கி, சைக்கிள் டியூபைச் சுற்றி, அதன்மேல் பேரிங்கை அடித்து இறக்குவோம். பின்னால் இரண்டு, முன்னால் ஒன்று. முன்கட்டையை ஒரே போல்ட்டில் மாட்டினால் காலால் திருப்பிக்கொள்ளலாம். பிரேக் என்று தனியாக ஒன்றும் இல்லை, காலில் போட்டிருக்கும் ரப்பர் செருப்புதான். தார் ரோட்டில் இறங்கினால் தெருவே கரகரவென்று அதிரும். மத்தியானம் கண் அசந்த அம்மாயிகள் எல்லாம் எழுந்து வந்து எங்கள் பரம்பரையையே வைவார்கள். ரோட்டில் விழுந்த வெள்ளைக் கோடு மழை வந்தாலும் போகாது. ஒரு புளியங்கொட்டை அளவு கல் குறுக்கே இருந்தால் போதும். வண்டி அங்கேயே நிற்கும், நாம் மட்டும் போய்க்கொண்டே இருப்போம். என் தாடையில் இருக்கும் தழும்புக்கு வயது 34.

(நுங்கு வண்டியைப் பற்றிக் கேட்பீர்கள். அது சித்திரை மாதத்து வண்டி. மூன்றாம் நாள், சக்கரமாக மாட்டிய நுங்குக் கூந்தல் காய்ந்து சுருங்கிவிடும். பேரிங் வண்டி வைத்திருந்தவர்கள் அதைச் சின்னப் பிள்ளைகள் விளையாட்டு என்றுதான் சொல்வோம்.)

அந்தக் கல் சமாச்சாரம்தான் ஸ்கேட்போர்டின் கதையும் என்று பிறகு படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. 1950களில் கலிபோர்னியாவில், அலை இல்லாத நாளில் என்ன செய்வதென்று தெரியாத அலைச்சறுக்குக்காரர்கள் ரோலர் ஸ்கேட்டின் சக்கரங்களைப் பலகையில் பொருத்தி ஓட்டினார்கள். முதலில் இரும்புச் சக்கரம், 1960களில் களிமண் கலந்த சக்கரம். இரண்டுமே கூழாங்கல்லைக் கண்டால் நின்றுவிடும், ஆள் பறப்பான். 1970களின் தொடக்கத்தில் பிராங்க் நாஸ்வொர்த்தி என்பவர் பாலியூரித்தேன் சக்கரத்தை இந்தப் பலகைக்குக் கொண்டுவந்தார். அது கல்லை விழுங்கிக்கொண்டு உருளும். அதற்கப்புறம்தான் மூடி போட்ட பேரிங்கும் வந்தது. அந்தச் சக்கரம் சங்ககிரிக்கு வந்திருந்தால் என் தாடை தப்பித்திருக்கும்.

ஆனால் யூரித்தேனிலும் எல்லாம் ஒன்றில்லை. இந்தப் பலகையோடு வந்தது 52 மில்லி, கடினம் 99ஏ. வழுவழுப்பான சிமெண்டுப் பூங்காவில் குதித்து ஆட அது சரி. சேலத்துத் தார் ரோட்டில் ஏறி நின்றால் பல் ஆடுகிறது. கடினம் குறைந்த, 60 மில்லி 78ஏ சக்கரம் வாங்கினேன், 1,450 ரூபாய். இதில் ஒரு சிக்கல் உண்டு. சக்கரம் பெரிதானால் சாயும்போது பலகையின் அடியில் உரசி, திடீரென்று பூட்டிக்கொள்ளும். அதற்கு டிரக்குக்கும் பலகைக்கும் நடுவில் ஒரு மெத்தை கொடுக்க வேண்டும். லாரி மட்பிளாப் ரப்பரில் 6 மில்லி கனத்தில் இரண்டு துண்டு வெட்டினேன். பழைய போல்ட் நீளம் பற்றவில்லை. எம்5, 35 மில்லி, சாய்தலை போல்ட் எட்டும் நைலாக் நட் எட்டும் 80 ரூபாய்.

ஹெல்மெட், மணிக்கட்டு உறை, முட்டி உறை எல்லாம் சேர்த்து 1,300. இதில் மணிக்கட்டு உறையை மட்டும் விட்டுவிடாதீர்கள். விழுகிற பிள்ளை முதலில் கையைத்தான் ஊன்றும். மொத்தத்தைக் கூட்டினால் 6,249. இந்தப் பணத்துக்கு ஸ்கேட் சாமான் மட்டுமே விற்கிறவர்களிடம் நேராகவே உருப்படியான பலகை ஒன்று வாங்கியிருக்கலாம். மனைவி இதை இரண்டாம் வாரமே சொன்னாள்.

வண்டி தயார். ஓட்ட இடம்?

நாங்கள் இருப்பது அழகாபுரம். எங்கள் தெருவில் ஐம்பதடிக்கு ஒரு வேகத்தடை, நடுவில் துருத்திக்கொண்டிருக்கும் சாக்கடை மூடி, அப்புறம் சக்கரத்தைக் கண்டாலே ஜென்மப் பகை பாராட்டும் நாய் ஒன்று. தெரிந்தவர்களின் அடுக்குமாடிக் குடியிருப்பில் கார் நிறுத்துமிடம் கண்ணாடி மாதிரி இருந்தது. இரண்டு ஞாயிறு ஓட்டினோம். மூன்றாம் ஞாயிறு போனால் அறிவிப்புப் பலகையில் 'நாய்களுக்கு அனுமதி இல்லை' என்பதற்குக் கீழே புதிதாக 'ஸ்கேட்டிங் கூடாது' என்று சேர்த்திருந்தார்கள். வாட்ச்மேன் அண்ணனுக்குத்தான் எங்களைவிடச் சங்கடம். நடைப்பயிற்சிப் பாதைகளில் எல்லாம் பேவர் கல் பதித்துவிட்டார்கள், ஒவ்வொரு இணைப்பிலும் டக் டக் டக். ஐந்து ரோட்டு ஈரடுக்கு மேம்பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் மகள் அதன் இறக்கத்தைப் பார்க்கும் பார்வை எனக்கு நன்றாகப் புரிகிறது. நானும் ஒரு காலத்தில் அப்படிப் பார்த்தவன்தான். வண்டியை வேகமாக விட்டுவிடுவேன்.

ஜூனில் ஏற்காடு போனோம். இருபது கொண்டை ஊசி வளைவையும் அவள் ஜன்னலில் ஒட்டிக்கொண்டு எண்ணினாள். "இதுல இறங்கினா எப்படி இருக்கும்பா?" என்று கேட்டாள். "ஆஸ்பத்திரியில இருக்கும் கண்ணு" என்றேன். ஏரியைச் சுற்றிய ரோட்டில் ஓட்டலாம் என்று நினைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நடக்கவே இடமில்லை.

என் மனைவியின் தம்பி அங்கே ஒரு காபித் தோட்டத்தில் கணக்கு எழுதும் ரைட்டர். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவன் வீட்டுப் பின்பக்கம் கை கழுவப் போனேன். கண்ணெதிரே காபி உலர்த்தும் களம். நாலு பாட்மின்டன் மைதானம் அளவு, துளி விரிசல் இல்லாத சிமெண்டு. பழத்தைப் பரப்பிப் பலகையால் இழுத்துப் புரட்ட வேண்டும் என்பதால் வழுவழுப்பாகப் பூசியிருக்கிறார்கள். மழைத் தண்ணீர் வடிவதற்காக ஒரு பக்கமாக மிகச் சின்ன சரிவு. ஓரங்களில் ஒரு செங்கல் உயரக் கட்டு. அறுவடை முடிந்துவிட்டதால் அத்தனை இடமும் சும்மா கிடந்தது. கையைத் துடைக்காமலேயே மச்சானைக் கூப்பிட்டேன். அவன் தோட்டத்து முதலாளியிடம் போனில் பேசினான். களத்தில் கீறல் விழக்கூடாது, செருப்பு மண்ணோடு ஏறக்கூடாது என்ற இரண்டு நிபந்தனைகளோடு அனுமதி கிடைத்தது.

அன்றைக்கு அவள் ஓட்டியதைத்தான் இந்தப் பலகையின் உண்மையான விமர்சனம் என்பேன். வலது காலை முன்னால் வைத்து நிற்கிறாள், இதற்குக் கூஃபி என்று பெயர். இரண்டு உந்து உந்தினால் களத்தின் அந்தக் கோடி வரை சத்தமே இல்லாமல் போகிறது. கரகரப்பு இல்லாத சக்கரச் சத்தம் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

அரை மணி நேரத்தில், தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்துப் பிள்ளைகள் ஆறு பேர் வந்து கட்டின்மேல் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். ஒருவரிடமும் ஷூ இல்லை. செருப்போடு ஏறக்கூடாது என்பதால் வெறுங்கால். மாமல்லபுரத்துக் கமலி என்ற சிறுமி வெறுங்காலோடு ஸ்கேட்போர்டு ஓட்டும் படத்தை நிறையப் பேர் பார்த்திருப்பீர்கள். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் உப்புத்தாள் மேல் வெறுங்காலைத் தேய்த்துத் திருப்பினால் எரியும் என்பது அன்று சாயங்காலம்தான் தெரிந்தது. பெரிய பையன்கள் இரண்டு பேர் பலகையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. மத்தியப் பிரதேசத்தில் பன்னா மாவட்டத்தில் ஜன்வார் என்ற கிராமம் இருக்கிறது. 2015இல் உல்ரிகே ரெய்ன்ஹார்ட் என்ற ஜெர்மன் பெண்மணி அங்கே ஒரு ஸ்கேட் பூங்கா கட்டினார். பள்ளிக்கூடம் போகாவிட்டால் பலகை கிடையாது, முதலில் பெண் பிள்ளைகளுக்கு என்று இரண்டு விதிகள்தான். இதை எப்போதோ மகளுக்குச் சொல்லியிருந்தேன். இரண்டாவது விதியை என் மகள் அங்கேயே அமலுக்குக் கொண்டுவந்துவிட்டாள். பையன்கள் முணுமுணுத்துக்கொண்டே வரிசையில் நின்றார்கள். அவர்களில் ஒருவன், "மாமா, இது என்ன விலை?" என்று கேட்டான். 2,349 என்று சொல்வதா 6,249 என்று சொல்வதா என்று யோசித்துவிட்டு, பழசு என்று சொல்லிவைத்தேன்.

ஜூலையில் நான் ஒரு காரியம் செய்தேன். கடையில் கிடந்த 6204 பேரிங் மூன்றை எடுத்து, முப்பத்து நாலு வருஷத்துக்கு அப்புறம் ஒரு பேரிங் வண்டி செய்து மேலே கொண்டுபோனேன். சைக்கிள் டியூப், ஒற்றைப் போல்ட், எல்லாம் அப்படியே. களத்தில் வைத்ததுமே மச்சான் ஓடி வந்து, "மாமா, வேண்டாம், இரும்பு வளையம் சிமெண்டைக் கீறிடும்" என்றான். நியாயம். மண் பாதையில் விட்டேன், பேரிங் மண்ணில் புதைந்து நின்றது. தோட்டத்துக்கு வெளியே தார் ரோட்டில் நானே உட்கார்ந்து இருபதடி போனேன். முட்டி வாய் வரை வந்தது, இடுப்பு மூன்று நாள் பிடித்துக்கொண்டது. பிள்ளைகள் மரியாதைக்கு ஆளுக்கு ஒரு தடவை ஏறிப் பார்த்துவிட்டுக் களத்துக்கு ஓடிவிட்டார்கள். இப்போது அந்த வண்டியில்தான் எங்கள் கடையில் சரக்குப் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு போகிறோம். அந்த வேலைக்கு அருமையாக இருக்கிறது.

ஆகஸ்டு, செப்டம்பரில் மழையால் இரண்டு தடவைதான் போக முடிந்தது. ஈரக் களத்தில் சக்கரம் வழுக்கும், ஓட்டவே கூடாது. ஒரு தடவை நனைந்த பலகையை அப்படியே வண்டியில் போட்டு வைத்துவிட்டோம். ஒரு பேரிங் துருப்பிடித்துப்போயிற்று. ரப்பர் மூடி தூசியைத் தடுக்கும், ஊறிய ஈரத்தை ஒன்றும் செய்யாது. நனைந்தால் அன்றைக்கே கழற்றித் துடைத்து, மூடியைக் குண்டூசியால் நெம்பித் திறந்து, இரண்டு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விட்டுவிடுங்கள். ஆக்சில் நட்டுக்கு 13 ஸ்பானர் போதும்.

யாராவது இதே பலகையை வாங்குவதாக இருந்தால் மரத்துக்கும் கிரிப் டேப்புக்கும் மட்டும் பணம் கொடுப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் மாற்ற வேண்டியிருக்கும். ஐந்துக்கு இரண்டு கொடுப்பேன். மகளைக் கேட்டால் ஐந்தும் கொடுப்பாள்.

மச்சான் நேற்றுப் போன் செய்தான். டிசம்பர் பிறந்தால் பழம் வந்துவிடும், அப்புறம் அறுவடை முடியும் வரை களம் காபிக்குத்தான் என்றான். இந்த ஞாயிறு வெயில் அடித்தால் போகிறோம். மழையில் களம் முழுக்கப் பாசி பிடித்திருக்கிறதாம். தென்னந்துடைப்பம் இரண்டு வாங்கி வரச் சொல்லியிருக்கிறான், லயத்துப் பிள்ளைகள் காலையிலேயே தேய்க்கத் தொடங்கிவிடுவார்களாம்.